வளையல் போடும் கை

"கோக்கர்" என்று குரல் வந்தால் என் கை தானாகப் போய் எடுத்துக் கொடுத்துவிடும். நுனியில் பல் வைத்த இடுக்கி அது. "மஸ்கிட்டோ" என்றால் சின்னது, நுனி மெலிந்தது. "ஜோல்ஸ்" என்றால் அன்றைக்குத் தைராய்டு கேஸ் என்று அர்த்தம். கழுத்துத் தோலை மேலும் கீழும் விரித்துப் பிடித்துக்கொள்கிற கம்பிச் சட்டம், வேறு கேஸுக்கு அநேகமாக அது ட்ரேயில் ஏறாது. 22 வருஷம் ஆபரேஷன் தியேட்டரில், சர்ஜனுக்குக் கருவி எடுத்துக் கொடுக்கும் ஸ்க்ரப் நர்ஸாக நின்றிருக்கிறேன். இதில் கோக்கர் என்பது ஒரு மனிதரின் பெயர், மஸ்கிட்டோவுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஹால்ஸ்டெட் இன்னொரு மனிதரின் பெயர் என்பதே வேலைக்குச் சேர்ந்து பல வருஷம் எனக்குத் தெரியாது. என் சொந்த அக்காவின் உதடு மரத்துப்போன அன்றைக்குத்தான் அந்த இரண்டு பேரையும் சரியாகப் புரிந்துகொண்டேன்.

அக்காவுக்கு அப்போது 51 வயது. கழுத்தில் கட்டி பத்து வருஷமாகவே இருந்தது. புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு கல்யாணம் கார்த்திகை எல்லாவற்றுக்கும் போய்வந்துகொண்டிருந்தவள், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது என்ற பிறகுதான் டாக்டரிடம் வரச் சம்மதித்தாள். ஊசி குத்தி எடுத்த டெஸ்டில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் முடிச்சு முடிச்சாகக் கட்டி, இடது பக்கம் நெஞ்சுக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. முழுதாக எடுத்துவிடலாம் என்றார் சர்ஜன். நான் வேலை பார்த்த இடம் வேறு, அவளுக்கு ஆபரேஷன் நடந்த இடம் வேறு, அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தைராய்டு கேஸுக்குக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இப்போது மேல் முனையைக் கட்டுவார்கள், இப்போது நரம்பைத் தேடுவார்கள் என்று மனதுக்குள் ட்ரே வைத்துக்கொண்டிருந்தேன்.

தைராய்டு இருக்கும் அளவுக்கு அது குடிக்கும் ரத்தம் ரொம்ப அதிகம். மேலிருந்து ஒரு தமனி, கீழே பக்கவாட்டிலிருந்து ஒரு தமனி, இரண்டு பக்கமும் சேர்த்து நான்கு. சிரைகள் அதற்கு மேல், பெரிய கட்டியென்றால் புழு மாதிரி புடைத்து மேலேயே நெளியும். வயிற்றில் கொஞ்சம் ரத்தம் கசிந்தால் உறிஞ்சிவிட்டு நிதானமாகத் தேடலாம். கழுத்தில் அந்த வசதி கிடையாது. ஒரு ஸ்பூன் ரத்தம் போதும், எல்லாம் ஒரே சிவப்பாகிவிடும், எது நரம்பு, எது கொழுப்பு, எது நெறிக்கட்டி என்று ஒன்றும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்தச் சிவப்புக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸைப் போட்டால் குரல் நரம்பு சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அதனால்தான் நல்ல சர்ஜன்கள் நரம்புப் பக்கத்தில் கசிந்தால் இடுக்கியைக் கேட்கவே மாட்டார்கள். "காஸ் குடுங்க" என்று அந்த வலைத்துணியை வாங்கி, மெதுவாக அழுத்தி வைத்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். புதிதாக வந்த பி.ஜி. பையன்களுக்கு அந்த மூன்று நிமிஷத்தைத் தாங்கவே முடியாது, கால் மாற்றி மாற்றி நிற்பார்கள்.

ரத்தத்தை நிறுத்தும் வழிகள் என் கண் முன்னாலேயே மாறின. நான் சேர்ந்த காலத்தில் எல்லாம் கைமுடிச்சுதான். பிடி, வெட்டு, கட்டு. ஒரு தைராய்டுக்கு எத்தனை சில்க் நூல் வெட்டிக் கொடுத்திருப்பேன் என்று எண்ணியதில்லை, விரல் நுனி வலிக்கும். மின்சாரச் சூட்டால் கசிவைக் கருக்கும் டையதெர்மி இருந்தது, ஆனால் நரம்புக்கும், ரத்தத்தில் கால்சியத்தைக் காக்கும் பாராதைராய்டு என்ற குட்டிச் சுரப்பிகளுக்கும் பக்கத்தில் அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள், வேண்டுமானால் இரண்டு முனைக்கு நடுவில் மட்டும் சுடும் பைபோலார், அதுவும் கண்ணிமைக்கும் நேரம்தான். அப்புறம் ஹார்மோனிக் என்ற கருவி வந்தது. நுனி ஒரு விநாடிக்கு 55,500 தடவை அதிர்கிறது, அந்த அதிர்விலேயே ரத்தக்குழாய் ஒட்டி மூடி அறுபட்டுவிடும், நூலே வேண்டாம். லிகாஷூர் இன்னொரு ஜாதி, மின்சாரத்தால் குழாயின் சுவரையே உருக்கி முத்திரை போடுவது, 7 மில்லிமீட்டர் குழாய் வரைக்கும் தாங்கும் என்பார்கள். நேரம் மிச்சமாவது உண்மை. ஆனால் விற்பனைக்கு வருகிறவர் சொல்கிற மாதிரி எல்லாப் பிரச்சினைக்கும் அது மருந்து என்று நான் நினைக்கவில்லை. ஹார்மோனிக்கின் நுனி வேலை முடிந்த பிறகும் சில விநாடிகள் சூடாகவே இருக்கும். அந்தச் சூட்டோடு தவறான இடத்தைத் தொட்டால் ரத்தம் வராது, ஆனால் தொட்ட இடம் வெந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் ஈர காஸில் நுனியை ஒற்றி எடுத்துக் கொடுப்பது என் வேலை. முடிச்சு போடத் தெரிந்த கையில் அந்தக் கருவி நன்றாக வேலை செய்யும். முடிச்சே போட்டுப் பழகாத கையில் எனக்கு அதைப் பார்த்தால் கொஞ்சம் பயம்தான்.

சரி, கோக்கர் கதைக்கு வருகிறேன்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் தைராய்டு ஆபரேஷன் என்றால் கொலைக்குச் சமம். 1866-ல் அமெரிக்க சர்ஜன் சாமுவேல் கிராஸ் இதைக் கசாப்பு வேலை என்றே எழுதினார். நேர்மையும் புத்தியும் உள்ள எவனும் இதில் கை வைக்க மாட்டான் என்ற பொருளில். எல்லாம் ரத்தத்தால்தான், அதில் தப்பினால் சீழ். அந்தக் காலத்தில் ஸ்விட்சர்லாந்தின் மலைப் பகுதிகளில் அயோடின் இல்லாத மண், தண்ணீர். ஊருக்கு ஊர் கழுத்துக் கட்டி. அங்கே பெர்ன் நகரில் 1872-ல் பேராசிரியரான தியோடர் கோக்கர், மெதுவாக, குழாய் குழாயாகப் பிடித்துக் கட்டி, ரத்தமே தெரியாமல் அறுக்கும் ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார். வாழ்நாளில் 5,000-க்கும் மேல் தைராய்டு ஆபரேஷன், கடைசியில் சாவு அரை சதவீதம் என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. அதே காலத்தில் வியன்னாவில் தியோடர் பில்ரோத். இரண்டு பேருக்கும் ஒரே முதல் பெயர், அந்தக் காலத்தின் இரண்டு பெரிய கைகள். பில்ரோத் வேகக்காரர்.

விசித்திரம் என்னவென்றால், முழுத் தைராய்டையும் எடுத்த பிறகு இரண்டு பேரின் நோயாளிகளுக்கும் வேறு வேறு வியாதி வந்தது. கோக்கரின் நோயாளிகள் சில மாதங்களில் முகம் ஊதி, மந்தமாகி, குளிர் தாங்காமல், சிறு பிள்ளைகள் வளராமல் நின்றார்கள். ஜெனீவாவின் சர்ஜன் ரெவர்டின் 1882-ல் இதைச் சொன்ன பிறகு, கோக்கர் தன் பழைய நோயாளிகளைக் கூப்பிட்டுப் பார்த்தார். முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டு வந்த 18 பேரில் 16 பேர் அப்படி இருந்தார்கள். 1883-ல் அதை அவரே எல்லோர் முன்னாலும் சொன்னார், இனி முழுதாக எடுப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். தன் கையால் நேர்ந்ததைத் தானே கூட்டிவைத்து எண்ணிச் சொன்ன அந்த ஒரு காரியத்துக்காகவே எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும்; நோபல் பரிசு 1909-ல் வந்தது அப்புறம். பில்ரோத்தின் வியன்னாவிலோ வீக்கமும் மந்தமும் அவ்வளவாக இல்லை. அங்கே நோயாளிகளுக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. இசிவு.

ஒரே ஆபரேஷன், இரண்டு விதமான விளைவு. ஏன்? இரண்டு பேரின் வேலையையும் அருகிலிருந்து பார்த்த அமெரிக்கர் வில்லியம் ஹால்ஸ்டெட், அதாவது நம்ம மஸ்கிட்டோ ஹால்ஸ்டெட், இதைப் பல வருஷம் யோசித்துவிட்டு 1920-ல் எழுதினார். கோக்கர் ரத்தம் சிந்தாமல் சுத்தமாக அறுத்ததால் தைராய்டை மிச்சமில்லாமல் எடுத்துவிட்டார், ஆனால் அதன் உறைக்கு வெளியே எதையும் தொடவில்லை. அதனால் தைராய்டு இல்லாத வியாதி வந்தது. பில்ரோத் ரத்தத்தைப் பெரிதாகச் சட்டை செய்யாமல் வேகமாக அறுத்தார்; அங்கங்கே தைராய்டுத் துண்டு தங்கியிருக்கும், அதற்குப் பதில் பின்னால் ஒட்டியிருந்த பாராதைராய்டுகள் போயிருக்கும் அல்லது அவற்றின் ரத்த ஓட்டம் போயிருக்கும், அதனால் இசிவு. ரத்தத்தை எப்படி நிறுத்துகிறாய் என்பதுதான் அப்புறம் கால்சியம் என்ன ஆகும் என்பதையும் தீர்மானிக்கிறது. நான் இத்தனை வருஷம் இரண்டையும் இரண்டு வேறு சமாசாரம் என்று நினைத்திருந்தேன், ஒன்று தியேட்டர்க் கவலை, மற்றது வார்டுக் கவலை என்று.

பாராதைராய்டு என்பது தைராய்டின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் நான்கு சின்னச் சுரப்பிகள். ஒவ்வொன்றும் அரிசி மணி அளவு, 30 முதல் 50 மில்லிகிராம், கடுகு அரைத்த மாதிரி ஒரு மஞ்சள் பழுப்பு. முதலில் இதைக் கண்டவர் லண்டனின் உடற்கூறு நிபுணர் ரிச்சர்ட் ஓவன், அதுவும் மனிதனிடம் இல்லை, அங்கே மிருகக்காட்சிசாலையில் இறந்துபோன ஒரு இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்தில். மனிதக் கழுத்தில் இருப்பதை ஸ்வீடனில் இவார் சாண்ட்ஸ்ட்ரோம் 1880-ல்தான் வெளியிட்டார், அவர் அதைத் தேட ஆரம்பித்தபோது மாணவர். ஆக, பில்ரோத்தும் கோக்கரும் கத்தி எடுத்தபோது மனிதக் கழுத்தில் அப்படி ஒன்று இருப்பதே சர்ஜன்களுக்குத் தெரியாது. அது போனால் கால்சியம் இறங்கும், கால்சியம் கொடுத்தால் இசிவு நிற்கும் என்று மெக்கல்லம், வேக்ட்லின் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் காட்டியது 1909-ல்.

அந்தச் சுரப்பிகளுக்கு ரத்தம் பெரும்பாலும் கீழ்த்தமனியிலிருந்து வரும் மயிரிழை போன்ற ஒரு கிளையில் வருகிறது. அந்தத் தமனியைத் தள்ளி, அடிமரத்திலேயே கட்டிவிட்டால் கசிவு நன்றாக நிற்கும், ஒரு காலத்தில் அப்படித்தான் கட்டினார்கள். ஆனால் சுரப்பிக்கும் சோறு நின்றுபோகும். இன்று நல்ல சர்ஜன் தைராய்டின் உறையை ஒட்டிக்கொண்டே போய், ஒவ்வொரு சிறு கிளையாகக் கட்டி, சுரப்பியை அதன் காம்போடு மெதுவாக ஒதுக்கிவிடுகிறார். நேரம் பிடிக்கும். அப்படியும் சில சமயம் கண் முன்னால் அந்தக் கடுகு நிறம் கருநீலமாக மாறும். அப்போது எல்லோரும் கொஞ்சம் அமைதியாகிவிடுவோம். அதை எடுத்து ஒரு கிண்ணம் சலைனில் போடச் சொல்வார்கள். மிதந்தால் கொழுப்பு, மூழ்கினால் பாராதைராய்டு. மூழ்கியதைப் பொடிப்பொடியாக நறுக்கி, கழுத்துத் தசைக்குள் ஒரு பை மாதிரி செய்து புதைத்துத் தையல் போட்டுவிடுவார்கள். பதியன் போடுகிற மாதிரிதான், சில வாரங்களில் அது அங்கே வேர் பிடித்து வேலை செய்ய ஆரம்பிக்கும். அக்காவுக்கும் வலது பக்கம் ஒன்றை அப்படிப் புதைத்ததாக டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி இருந்தது. இப்போது சில இடங்களில் அகச்சிவப்புக் கேமரா வைத்திருக்கிறார்கள், அந்த ஒளியில் பாராதைராய்டு தைராய்டைவிடப் பளிச்சென்று தானாக மினுங்குமாம். நான் அதைக் கையால் தொட்டதில்லை.

முதல் ராத்திரி எனக்கு இருந்த பயம் கால்சியம் பற்றியதே இல்லை, ரத்தம் பற்றியது. தையல் போடுவதற்கு முன் மயக்க மருந்து டாக்டர் நுரையீரலை ஊதி அழுத்தம் ஏற்றிப் பிடிப்பார், எங்கேயாவது மூடாத சிரை இருந்தால் அப்போது காட்டிக்கொடுத்துவிடும் என்று. அப்படிப் பார்த்து மூடினாலும் நூறில் ஒருவர் இருவருக்கு உள்ளே ரத்தம் கட்டும். இருமல், வாந்தி, பி.பி. ஏறுவது, எது வேண்டுமானாலும் காரணமாகலாம். பாதிக்கு மேல் முதல் ஆறு மணி நேரத்துக்குள். ரத்தம் வடிய டிரெய்ன் குழாய் போட்டிருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கக் கூடாது, கட்டிப்போன ரத்தம் குழாயை அடைத்துவிட்டால் பாட்டில் காலியாகவே இருக்கும், கழுத்து மட்டும் உப்பும். மூச்சு திணறினால் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு ஓட நேரம் கிடையாது, கட்டிலிலேயே தையலைப் பிரித்து ரத்தக்கட்டியை வெளியேற்ற வேண்டும். அதனால் தையல் பிரிக்கும் செட் தலைமாட்டில் இருக்கிறதா என்று நான் கேட்டேன். ட்யூட்டி சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருக்கு மேடம், நீங்க தூங்குங்க" என்றாள். தூங்கவில்லை. டிரெய்னில் காலை வரை 40 மில்லி. குரல் கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் கால்சியம் 8.4. சாதாரண அளவு 8.5-லிருந்து 10.5. அதனால் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, ஒரு கால்சியம் மாத்திரையை எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இங்கேதான் எனக்குக் கோபம். கால்சியம் அடிமட்டத்துக்கு வருவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். பாராதைராய்டு ஹார்மோன் ரத்தத்தில் சில நிமிஷங்களே தங்கும், அதனால் ஆபரேஷன் முடிந்த சில மணி நேரத்தில் அந்த ஹார்மோனை ஒரு தடவை பார்த்திருந்தால் இது வரும் என்று முந்தியே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கேட்க வேண்டிய நானும் கேட்கவில்லை, ரத்தம் நின்றதில் மனசு நிறைந்து போயிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம். அக்கா சோபாவில் சாய்ந்துகொண்டு, "உதட்டைச் சுத்தி எறும்பு ஊர்ற மாதிரி இருக்குடி" என்றாள். அத்தை ஒருத்தர் வந்திருந்தார், "ஆபரேஷன் வீக்னஸ், ஹார்லிக்ஸ் கலந்து குடு" என்றார். அரை மணியில் விரல் நுனியெல்லாம் சுருசுருவென்று ஆயிற்று. நான் வீட்டு பி.பி. மெஷினின் பட்டையைக் கையில் சுற்றி, மேல் பி.பி-க்குக் கொஞ்சம் மேலே ஏற்றி நிறுத்திப் பிடித்தேன். மூன்று நிமிஷம் பிடிக்க வேண்டும் என்பது பாடம். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, மணிக்கட்டு உள்ளே மடங்கி, விரல்கள் நீட்டியபடியே ஒன்றோடொன்று ஒட்டி, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒடுங்கியது. வளையல்காரரிடம் கையைக் கொடுத்துவிட்டுக் குவித்துப் பிடிப்போமே, அச்சு அசல் அதே கை. ட்ரூஸோ என்ற பிரெஞ்சு டாக்டரின் பெயரில் பாடப் புத்தகத்தில் படம் போட்டிருக்கும், பேறு பார்ப்பவரின் கை என்று. எனக்கு வளையல்தான் தோன்றியது. அக்கா பயந்து அழ ஆரம்பித்தாள். அழுகையில் மூச்சு வேகமானது, மூச்சு வேகமானால் ரத்தத்தில் காரத்தன்மை ஏறி, இருக்கிற கொஞ்ச நஞ்சக் கால்சியமும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வேலைக்கு ஆகாமல் போகும், இன்னும் இழுக்கும். "அக்கா, என்னைப் பாரு, மெதுவா மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே ஆட்டோ பிடித்தோம்.

எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் சின்னப் பையன். கழுத்தில் தையலைப் பார்த்தார், அழுகையைப் பார்த்தார், "டென்ஷன்மா, ஒண்ணுமில்ல" என்றார். நான் திரும்ப அந்தப் பட்டையைச் சுற்றிக் காட்ட வேண்டியதாயிற்று. அப்புறம் நன்றாகவே ஓடினார், அதையும் சொல்ல வேண்டும். கால்சியம் 6.8. ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீண்டிருந்தது, கால்சியக் குறைவு இதயத்தையும் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியைக் கலந்து மானிட்டரைப் பார்த்துக்கொண்டே பத்து நிமிஷத்துக்குக் குறையாமல் ஏற்றினார்கள். வேகமாகப் போட்டால் இதயத் துடிப்பு இறங்கும். சிரையை விட்டு வெளியே கசிந்தால் தோலே வெந்துவிடும், நான் முன்பு ஒரு நோயாளியின் புறங்கையில் அதைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஊசி குத்திய இடத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏழெட்டு நிமிஷத்தில் அக்காவின் கை தளர்ந்தது. மேலே ஒரு சூடு பரவுகிறது என்றாள், அப்புறம் பசிக்கிறது என்றாள்.

பாராதைராய்டு ஹார்மோன் ரிப்போர்ட் மறுநாள் வந்தது, ரொம்பக் குறைவு. கால்சியம் மாத்திரையோடு கால்சிட்ரியால் சேர்த்தார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு டப்பா கேழ்வரகு மாவு கொண்டுவந்து குவித்துவிட்டார்கள். கேழ்வரகில் கால்சியம் ஏராளம், 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைக் குடல் உறிஞ்சவேண்டுமே. வைட்டமின் டி-யைச் சிறுநீரகம் வேலைக்கு ஆகும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும், அதற்கு உத்தரவு போடுவதே பாராதைராய்டுதான். அது படுத்துக் கிடக்கும்போது கூழ் குடித்தும் பெரிய பயனில்லை. கால்சிட்ரியால் ஏற்கெனவே மாற்றி முடித்த சரக்கு, அதனால்தான் அது. இதை அத்தைக்கு விளக்கினேன். கேட்டுவிட்டு, "சரி, கூழும் குடிக்கட்டும்" என்றார். குடித்தாள்.

இது எல்லோருக்கும் வருவதில்லை. முழுத் தைராய்டு எடுத்தவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவருக்குக் கொஞ்ச நாள் கால்சியம் இறங்கும், பெரும்பாலும் அந்தச் சுரப்பிகள் அடிபட்ட அதிர்ச்சியிலிருந்து வாரங்களில், மாதங்களில் எழுந்துவிடும். ஒரு சிலருக்கு மட்டும் நிரந்தரம். அக்காவுக்கு எது என்று ஆறு வாரம் தெரியாமல் இருந்தது. அந்த ஆறு வாரமும் பர்ஸில் ஒரு கால்சியம் அட்டை, பஸ்ஸில் ஏறினாலும் கோயிலுக்குப் போனாலும். உதடு சுருக்கென்றால் உடனே ஒன்று மென்றுவிடுவாள். தினமும் நான் சொல்லாமலே பி.பி. பட்டையைச் சுற்றிக்கொண்டு கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அத்தான் பிறகு சொன்னார்.

அவளுக்குப் பெரிய கஷ்டம் வேறொன்று. கும்பகோணத்துக்காரி, காலையில் கண் திறக்கும்போதே காபி வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவிட்டு அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி, காபி இல்லை. கால்சியம் அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி, இல்லையென்றால் இரண்டும் ஒட்டிக்கொண்டு தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது. ஒரு காகிதத்தில் நேரம் போட்டுக் கொடுத்தேன், ஃபிரிட்ஜில் ஒட்டிவைத்தாள். ஏழாவது வாரம் ஹார்மோன் ஏறியிருந்தது, கால்சியம் 9.1. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நான்காவது மாதம் கால்சியத்தை நிறுத்தினார்கள். அன்றைக்கே போன் வந்தது.

"ஏண்டி, கால்சியம்தான் நிறுத்தியாச்சே. இனிமே காபிக்கு அந்த அரை மணி காத்திருக்க வேண்டாம்ல?"

"அது தைராய்டு மாத்திரைக்குக்கா. அது ஆயுசுக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் டிகாக்‌ஷன் இறங்கும் ஃபில்டரை யாரோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.